எழுதினேன் என்று சொன்ன ரைட்டரம்மா

விசாரணைக் குழுவில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மருத்துவமனையின் நிர்வாக அதிகாரி, ஒரு பக்கம் மயக்க மருந்து கொடுக்கும் மூத்த டாக்டர், மறுபக்கம் செவிலியர்களுக்கெல்லாம் மேலான கண்காணிப்பாளர் அம்மா. மேசையின் ஓரத்தில் குறிப்பெடுப்பதற்கு அலுவலகச் செயலாளர். பேச்சு முழுவதும் தமிழில்தான் நடந்தது. குறிப்பு மட்டும் ஆங்கிலத்தில் ஏறியது.

நிர்வாக அதிகாரி ஒரு தாளை மேசையில் தள்ளி வைத்தார். மூட்டுவலிக்காகச் சேர்ந்திருந்த ஓர் அம்மாவை வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி அது.

"இது நீங்க எழுதினதுதானே?"

"ஆமா சார், நான்தான் எழுதினேன்."

செயலாளரின் பேனா ஒரு வரி ஓடி நின்றது. எதிரே நின்று பதில் சொன்ன பெண்ணுக்கு அதில் தவறாக எதுவும் படவில்லை. அவருடைய வேலையை வீட்டில், பஸ்ஸில், வார்டில் என்று எல்லா இடத்திலும் அவர் அப்படித்தான் சொல்லி வந்தார். இன்னிக்கு நிறைய எழுதினேன், கை வலிக்குது. இந்த டாக்டருக்கு எழுதவே முடியல, வாய்க்குள்ளேயே பேசறார். வேறு எப்படிச் சொல்வது?

உண்மையில் அவர் எதையும் எழுதுகிறவர் அல்ல. டாக்டர்கள் சின்னக் கருவியில் ஆங்கிலத்தில் பேசி வைப்பதைக் காதில் கேட்டு டைப் அடிப்பவர். நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டு போகும் ஆள் ஒருவர், வாய் சும்மா இருக்காத மனிதர், ஒரு காலையில் இவருடைய அறைக் கதவைத் தட்டி, "என்ன ரைட்டரம்மா, இன்னிக்கு எத்தனை பேர் தலையெழுத்தை எழுதி முடிச்சீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து மருத்துவமனை முழுவதற்கும் அவர் ரைட்டரம்மா. அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. கணவர் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். "ஒனக்குக் காது போயிடும், எனக்குக் கண்ணு போயிடும். கடைசி காலத்துல ஒருத்தருக்கொருத்தர் வழி சொல்லிக்கிட்டே நடப்போம்" என்பார் அவர்.

ரைட்டரம்மாவின் அறை எக்ஸ்ரே அறைக்கும் அழுக்குத் துணி கொண்டுவந்து போடும் அறைக்கும் நடுவில் இருந்தது. ஜன்னல் கிடையாது. மேசைக்கு அடியில் ஒரு பெடல். மிதித்தால் டாக்டரின் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும், குதிகாலால் அழுத்தினால் கொஞ்சம் பின்னால் போகும். பள்ளியில் தமிழில் படித்தவர் என்பதால் ஆங்கிலம் அவருக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை, காது வழியாகத்தான் வந்தது. நோய்களின் பெயர்களையும் மாத்திரைகளின் பெயர்களையும் எழுத்துப் பிசகாமல் அடிப்பார். பாதிக்குப் பொருள் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை என்றுதான் நினைத்திருந்தார்.

காதில் சரியாக விழாத இடங்களில் ஆரம்பத்தில் கோடு இழுத்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வைப்பார். டாக்டர் பார்த்து நிரப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. மூட்டு டாக்டருக்கு அது பிடிக்கவில்லை. ஒருநாள் தாளைத் தூக்கிக் காட்டினார்.

"என்னம்மா இது, பல்லு விழுந்த வாய் மாதிரி? எத்தனை வருஷமா என் குரலைக் கேக்கறீங்க? நான் என்ன சொல்லுவேன்னு தெரியாதா? பழைய சம்மரியைப் பாத்து நிரப்பிடுங்க. கோடெல்லாம் வேண்டாம்."

திட்டு மாதிரி வந்தாலும், ரைட்டரம்மா அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து மூட்டு டாக்டரின் தாள்களில் கோடுகள் இல்லை.

மூட்டுவலிக்காரம்மாவின் தாளிலும் கோடு இல்லை. அவருக்குக் கொடுத்த மாத்திரைகளில் ஒன்று வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் போட வேண்டியது. தாளில் அது தினமும் என்று இருந்தது. டாக்டர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். வெளியே மருந்துக் கடையில் ஏன் என்று கேட்காமல் பட்டை பட்டையாக எடுத்துக் கொடுத்தார்கள். அந்த அம்மா ஒழுங்காக, வேளை தவறாமல் போட்டுக்கொண்டார். முதலில் வாயெல்லாம் புண் வந்தது. பிறகு காய்ச்சல். தண்ணீர்கூட விழுங்க முடியாமல், ரத்த அணுக்கள் குறைந்து, திரும்ப அதே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருந்தவர் பிழைப்பாரா என்பது யாருக்கும் தெரியவில்லை.

விசாரணைக் குறிப்பின் நகல் ஒன்றை ரைட்டரம்மாவின் கையில் கொடுத்தார்கள். தீர்ப்பு வரும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொன்னார்கள். நகலைத் தம்பியிடம் காட்டினார். தம்பி ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. படித்ததும் அவன் முகம் மாறியது.

"இதுல கையெழுத்துப் போட்டுட்டியா?"

"போடச் சொன்னாங்க, போட்டேன்."

"அக்கா, இதுல நீ 'ரைட்' பண்ணினேன்னு இருக்கு. 'டைப்'ங்கற வார்த்தை எங்கேயுமே இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதானடா?"

"ஒண்ணா? டைப்புன்னா அடுத்தவன் சொன்னதை ஒன் விரல் அடிக்குது. ரைட்டுன்னா சொன்னதே நீதான். டைப்புன்னா தப்பு டாக்டரோடது, ரைட்டுன்னா தப்பு ஒன்னோடது. அந்த அம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா, இந்த ரெண்டு வார்த்தைக்கும் நடுவுல போலீஸ் ஸ்டேஷன் இருக்கு."

கைகளைத் துடைத்துக்கொண்டே வந்த கணவர், "தமிழ்ல ரெண்டுக்கும் எழுதறதுன்னுதானே சொல்றோம்?" என்றார்.

"அதான் மாமா வினையே."

மறுநாள் ரைட்டரம்மா செயலாளரைத் தேடிப் போனார். செயலாளர் நல்ல மனிதர். நாற்காலி இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"ஒரே ஒரு வார்த்தைங்க. ரைட்டுங்கறதை டைப்புன்னு மாத்திடுங்க. நான் அந்த அர்த்தத்துல சொல்லல. சத்தியமா சொல்லல."

"நீங்க எழுதினேன்னு சொன்னீங்க. எழுதறதுக்கு இங்கிலீஷ்ல என்னவோ அதைப் போட்டேன்."

"நான் என்ன வேலை பாக்கறேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா. ஆனா நீங்க சொல்லாததை நான் போட்டா, அப்புறம் எழுதினது நான்னு ஆயிடும்." சொல்லிவிட்டு அவரே ஒரு கணம் திகைத்துப் போய்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னொரு தடவை கூப்பிடுவாங்க. அப்ப சொல்லுங்க. அப்படியே போட்டுடறேன்."

தம்பி தினமும் வேலை முடிந்ததும் நேராக அக்கா வீட்டுக்கு வந்தான். செய்தித்தாளைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நிர்வாக அதிகாரியாக நின்றான். ரைட்டரம்மா அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டு பதில் சொல்லிப் பழகினார்.

"இதை எழுதினது யாரு?"

"நான்தான் எழு..."

"அக்கா!"

"டைப் பண்ணினேன், டைப் பண்ணினேன்."

"டாக்டர் சொன்னதை?"

"டாக்டர் சொன்னதை அப்படியே டைப் மட்டும் பண்ணினேன். என் சொந்த வார்த்தை ஒண்ணும் இல்ல."

"இதான். இதுக்கு மேல ஒரு சொல்லு பேசாத. அழாத."

கணவருக்கு முதல் நாள் சிரிப்பு வந்தது. மனைவி அந்த வாக்கியத்தைக் காய் நறுக்கும்போதும் துணி பிழியும்போதும் முணுமுணுப்பதைக் கேட்ட பிறகு வரவில்லை.

ரைட்டரம்மாவை அரித்தது வேறு. தம்பியிடம் அவர் அதைச் சொல்லவில்லை. அந்த மதியம் என்ன நடந்தது என்பதை அவர் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தார். டாக்டரின் குரல் வருகிறது. பின்னால் யாருடைய போனோ அடிக்கிறது. மாத்திரையின் பெயரைச் சொல்கிறார். நாற்காலி தரையில் இழுபடுகிறது. அந்த இரைச்சலுக்குள் ஒரு சொல் இருக்கிறது. குதிகாலால் அழுத்திப் பின்னால் போய்க் கேட்டது நினைவிருக்கிறது. மறுபடியும் கேட்டதும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு? சொல் காதில் விழுந்ததா? அல்லது மேலே இருந்த மாத்திரைகள் எல்லாம் தினமும் என்று இருந்ததால் இதற்கும் விரல் தானாக அதையே அடித்துவிட்டதா? அந்த இடத்துக்கு வந்ததும், பெடலிலிருந்து காலை எடுத்தாற்போல நினைவு நின்றுவிடும்.

பொறுக்க முடியாமல் மூட்டு டாக்டரையே போய்ப் பார்த்தார். டாக்டருக்குக் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"டாக்டர், அன்னிக்கு நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"எப்படிம்மா இருக்கும்? வாரத்துக்கு ஒண்ணுன்னுதான் சொல்லியிருப்பேன். வேற எப்படிச் சொல்லுவேன்?"

"அந்த ரெக்கார்டிங்?"

"கேட்டுப் பாத்தாச்சு. பழசெல்லாம் தானா அழிஞ்சிடுமாம். கெடைக்காது."

ரைட்டரம்மா கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீங்கதானே டாக்டர் நிரப்பச் சொன்னீங்க."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "மாத்திரையையா நிரப்பச் சொன்னேன்?"

ரைட்டரம்மா கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தார்.

வீட்டில் இருந்தால் சுவர் நெருங்கி வருவது போலிருந்தது. வேலை இல்லாவிட்டாலும் ரைட்டரம்மா காலையில் புறப்பட்டு மருத்துவமனைக்கே போனார். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் போட்டிருந்த இரும்பு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்க்க முயன்றார். அதே பெஞ்சின் மறுகோடியில் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருப்பாள். பள்ளிச் சீருடை தைப்பவள். உடையில் நூல் பிசிறுகள் ஒட்டியிருக்கும். மருந்து வாங்கப் போகும்போது, "அக்கா, பையைக் கொஞ்சம் பாத்துக்கறீங்களா?" என்பாள். ரைட்டரம்மா பையை மடியில் வைத்துக்கொள்வார். யார் என்று அவளுக்குத் தெரியாது. உள்ளே கிடப்பவரின் மகள் என்று இவருக்குத் தெரியும். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் வாயெடுப்பார். டீ வாங்கிக் கொடுப்பதோடு நின்றுவிடும்.

ஒரு காலையில் காலித் தள்ளுவண்டியோடு அந்த வாயாடி மனிதர் அந்த வழியாக வந்தார்.

"ரைட்டரம்மா! இங்க என்ன பண்றீங்க? உங்களை வரக்கூடாதுன்னு சொல்லலையா?"

அந்தப் பெயர் வார்டில் அடிபட்டதைக் கேட்டிருந்த தையல்காரப் பெண் மெதுவாகத் திரும்பினாள். "ரைட்டரம்மாவா?"

தள்ளுவண்டிக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

"எங்கம்மா பேப்பரை எழுதினது நீங்களா?"

"நான் டைப் பண்ணினேன்மா. டாக்டர் சொன்னதை அப்படியே டைப் மட்டும்தான் பண்ணினேன். என் சொந்த வார்த்தை ஒண்ணும் இல்ல."

அடுப்படியில் அத்தனை முறை தடுக்கிய வாக்கியம், இப்போது ஒரு திக்கல் இல்லாமல் வந்தது. வந்த வேகத்தில் ரைட்டரம்மாவுக்கே அருவருப்பாக இருந்தது.

அந்தப் பெண் கத்தவில்லை. குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள்.

"உள்ள போங்க. எங்கம்மா வாயில நாக்கை வெக்க இடமில்லாம புண்ணு. எச்சில் முழுங்க முடியாம கண்ணுல தண்ணி வழியுது. அவங்ககிட்ட சொல்லுங்க, எழுதலம்மா, டைப்தான் பண்ணினேன்னு. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியுதான்னு கேட்டுட்டு வாங்க."

ரைட்டரம்மாவின் மடியில் இன்னும் இருந்த தன் பையைப் பிடுங்கிக்கொண்டு போய் எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள்.

ரைட்டரம்மா எப்படிப் படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. பஸ் நிறுத்தத்தில் நின்றார். அவர் ஏற வேண்டிய பஸ் வந்தது, போனது. அடுத்ததும் வந்து போனது. நடத்துநர் ஒருவர், "ஏறுறீங்களா இல்லையாம்மா?" என்று கேட்டதற்கும் நகரவில்லை. வேகமாக வரும் வண்டிகளின் சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்த பார்வை சரியில்லை என்று பக்கத்துப் பழக்கடைக்காரருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கையைப் பிடித்து இழுத்து வந்து ஸ்டூலில் உட்கார வைத்து, அவருடைய போனை வாங்கிக் கணவருக்குச் சொன்னார். பட்டறையிலிருந்து அப்படியே ஓடி வந்த வெல்டரின் முகத்தில், கண்ணாடி மறைத்திருந்த இடம் தவிர மற்றதெல்லாம் கரியாக இருந்தது. கழன்று கிடந்த மனைவியின் செருப்பை எடுத்துக் காலடியில் வைத்தார்.

"வா, வீட்டுக்குப் போலாம்."

"அந்த வார்த்தையை நானே போட்டிருந்தா என்னங்க பண்றது?"

"போட்டியா?"

"தெரியலையே. அதானே கொல்லுது."

இரண்டாம் விசாரணைக்குத் தம்பி வாசல்வரை கூட வந்தான். கதவருகில், "டைப்" என்று காதில் சொல்லி அனுப்பினான். உள்ளே மூட்டு டாக்டரும் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்.

நிர்வாக அதிகாரி கேட்டார். "போன தடவை சொன்னதுல ஏதோ மாத்தணும்னு சொன்னீங்களாமே?"

"ஆமா சார். அந்தத் தாள்ல இருக்கறதெல்லாம் டாக்டர் சொல்லி நான் டைப் பண்ணினது."

செயலாளர் நிம்மதியோடு எழுத ஆரம்பித்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ரைட்டரம்மா நிறுத்தவில்லை.

"அந்த ஒரு வார்த்தை மட்டும் எனக்குத் தெரியல சார். காதுல விழுந்து அடிச்சேனா, விழாம நானே போட்டேனான்னு தெரியல. டாக்டர் தாள்ல கோடு விடக்கூடாதுன்னு நான் அப்பப்ப நிரப்பியிருக்கேன். இதையும் நிரப்பியிருந்தா, அது நான் எழுதினதுதான்."

மயக்க மருந்து டாக்டர் முன்னால் சாய்ந்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"இதைத் தவிர வேற எதையும் யோசிக்கலீங்க."

கண்காணிப்பாளர் அம்மா மூட்டு டாக்டர் பக்கம் திரும்பினார். "நிரப்பச் சொன்னது யாரு டாக்டர்?"

டாக்டர் மேசையைப் பார்த்தபடியே, "நான்தான்" என்றார். பிறகு, "கோடு வேண்டாம்னு சொன்னேன்" என்று முனகினார்.

செயலாளர் பேனாவைத் தூக்கிக்கொண்டு தவித்தார். "சார், எந்த வார்த்தையைப் போடறது?"

"ரெண்டையும் போடுங்க" என்றார் நிர்வாக அதிகாரி, எரிச்சலும் அலுப்புமாக.

உத்தரவில் ரைட்டரம்மாவுக்கு வேலை போயிற்று. விஷயம் போலீசுக்குப் போகவில்லை. டாக்டருக்கு எச்சரிக்கை. இனி டைப் அடிப்பவர்கள் எதையும் நிரப்பக் கூடாது, படிக்காமல் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது என்று சுற்றறிக்கை போனது. தம்பி ரொம்ப நாள் அந்தப் பக்கம் வரவில்லை. "நான் கயிறு கட்டி மேல இழுக்கறேன், அவ கத்தியை எடுத்து அறுக்கறா" என்று தங்கள் அம்மாவிடம் சொன்னானாம். கணவருக்கும் கோபம் இருந்தது. "உண்மையைச் சொன்னது சரி. சொல்றதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நானும் இந்த வீட்லதானே சாப்பிடறேன்?" என்றார்.

மூட்டுவலிக்காரம்மாவைப் பொது வார்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று தள்ளுவண்டிக்காரர் வழியாகச் செய்தி வந்தது. ரைட்டரம்மா பார்வையாளர் நேரத்தில் மற்றவர்களோடு வரிசையில் நின்று உள்ளே போனார். வார்டு வாசலைத் தாண்டக் கால் வரவில்லை. தையல்காரப் பெண் அவரைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். திட்டப் போகிறாள் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். அவள் சுவரில் சாய்ந்து நின்று, தரையைப் பார்த்துப் பேசினாள்.

"அன்னிக்கு வீட்டுக்குக் கெளம்பும்போது, சிஸ்டர் வாயால சொன்னாங்க, இந்த மாத்திரை மட்டும் வாரத்துக்கு ஒண்ணுன்னு. எங்கம்மாவும் அதைத்தான் சொன்னாங்க. நான்தான் கேக்கல. பேப்பர்ல தினமும்னு இருக்கு, டாக்டர் கையெழுத்து இருக்கு, உனக்கென்ன தெரியும்னு அதட்டினேன். வேண்டாம் வேண்டாம்னாங்க. என் கையாலயே வாயில போட்டேன்."

அவள் தோள் குலுங்கியது. சிஸ்டர் அப்படிச் சொல்லியிருந்தால், வாரத்துக்கு ஒன்று என்றுதான் டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்படியானால் தினமும் என்ற சொல் தன்னுடையதேதான். இல்லை, சிஸ்டருக்கு வேறு யாராவது சொல்லியிருக்கலாம். மாத்திரையைக் கொடுத்தவள் இவள், தான் அல்ல. இத்தனையும் ஒரே மூச்சில் ரைட்டரம்மாவுக்குள் ஓடின. எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"நான் மேல போய்ச் சொல்லட்டுமாக்கா? உங்க வேலை திரும்பக் கெடைக்குமா?"

சொல்லு என்று ரைட்டரம்மாவின் வாய்வரை வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார். அதற்குள் உள்ளேயிருந்து, காற்று மட்டும் வெளிவருவதுபோல ஒரு குரல் மகளைக் கூப்பிட்டது. இருவரும் உள்ளே போனார்கள். முடியெல்லாம் கொட்டி, கன்னம் ஒட்டிப்போய்க் கிடந்தார் அந்த அம்மா. இவர் யார் என்று கண்ணாலேயே கேட்டார்.

"தெரிஞ்சவங்கம்மா" என்றாள் மகள்.

ரைட்டரம்மா தலையணைக்கு அடியில் கையைக் கொடுத்து அந்தத் தலையைத் தூக்கிப் பிடித்தார். மகள் கரண்டியால் தண்ணீரை ஊட்டினாள். பாதி உள்ளே போனது, பாதி தாடையில் வழிந்தது. அந்த அம்மா முகத்தைச் சுளித்தாலும் இன்னும் கொஞ்சம் என்று வாயைத் திறந்தார்.

அதன் பிறகு ரைட்டரம்மா டைப் வேலை கேட்டுப் பல இடங்களில் ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் பழைய இடத்துச் சான்றிதழைக் கேட்டார்கள். இப்போது ஒரு துணிக் கிடங்கில் சட்டைகளை அளவு பார்த்துப் பிரித்து மடித்து வைக்கிறார். அங்கே யாருக்கும் அவருடைய பழைய பெயர் தெரியாது. அந்தப் பெண் மேலே போய்ச் சொன்னாளா என்று அவர் விசாரிக்கவில்லை. உத்தரவு மாறவில்லை என்பது மட்டும் தெரியும்.